அறைக்குள் திருப்பிய குழாய்

அந்தக் குடியிருப்பில் அவளுக்குச் 'சிக்கனம்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைத்துத் துவைப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. லாரி ஓட்டிய புருஷன் முதுகெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பிறகு, நாலு வீட்டுத் துணியைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்துத்தான் அடுப்பு எரிந்தது. கையை வீசிச் செலவழிக்க அவளுக்கென்ன வானத்திலிருந்தா கொட்டியது?

மழையில் துணி காயாமல் வாடிக்கைக்காரர்கள் முணுமுணுக்க, கேஸில் ஓடுகிற பழைய டிரையர் ஒன்றை வாங்கிப்போட்டாள். மாட்ட வந்த மெக்கானிக், வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓட்டை போட்டு, டிரையரின் சூட்டுக் காற்று வெளியேறும் குழாயைத் தெருப்பக்கம் விட்டான்.

"குழாய் வெளியதாம்மா போகணும். மாத்திடாதீங்க."

"ஏன் தம்பி?"

"அப்படித்தாம்மா மாட்டணும்" என்றபடியே பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

இன்னும் இரண்டு வார்த்தை பேசினால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? உள்ளே எரியும் கேஸின் புகையும் அந்தச் சூட்டோடுதான் வருகிறது. நிறமோ வாடையோ இல்லாத விஷம் அதில் கலந்திருக்கலாம். அடைத்த அறையில் அது ஆளைக் கொன்றுவிடும். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. பாவி, சொல்லாமல் போனான்.

குளிர்காலம் வந்தது. புருஷன் படுத்திருந்த அறையில் வெயில் எட்டிப் பார்க்காது. எத்தனை போர்வை போர்த்தினாலும் அவன் நடுங்கினான். ஒருநாள் அவள் தெருவில் நின்று குழாயின் வாயில் கையை நீட்டிப் பார்த்தாள். சுடச்சுடக் காற்று. உள்ளே ஒருவன் விறைத்துக் கிடக்க, இத்தனை சூடும் தெருவுக்குப் போகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அன்றே குழாயைக் கழற்றி அவன் அறைக்குள் திருப்பினாள். துணிப் பஞ்சு பறக்காதிருக்க அதன் வாயில் பழைய காலுறை ஒன்றைக் கட்டினாள். சுவர் ஓட்டையைக் கந்தையால் அடைத்து, ஜன்னலையும் சாத்தினாள்.

"எப்படி இருக்கு?"

"கதகதன்னு இருக்குடி. உன் மூளையே மூளை!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தலைவலி வந்தது. குமட்டலும் வந்தது. படுத்தே கிடப்பதால் வரும் கோளாறு என்று டாக்டர் மாத்திரையை மாற்றினார். அறைச் சுவர்கள் வியர்த்து வழிந்தன. அவள் துடைத்துவிட்டுப் பின்கட்டில் இஸ்திரி போடப் போய்விடுவாள். அங்கே காற்றோட்டம் இருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒருநாள் விடுதி ஒன்றிலிருந்து மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வந்தன. காலையிலிருந்து டிரையர் நிற்கவே இல்லை. சாயங்காலம் டீயோடு போனபோது அவன் முகம் சிவந்திருந்தது. நல்ல நிறம் வந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே எழுப்பினாள். அவன் எழவில்லை.

வந்த டாக்டர் ஜன்னல்களையெல்லாம் திறக்கச் சொன்னார். குழாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளுக்குப் புரியும்படி விளக்கினார். அவளுக்கு நன்றாகவே புரிந்தது. தன் கையாலேயே கொன்றோம் என்று அன்றிலிருந்து சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பின் கொழுந்தன் மட்டும் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, டிரையர் ஓடினாத்தான் தலை வலிக்குதுன்னு அண்ணன் என்கிட்ட சொன்னான். குழாயைக் கழட்டிடவான்னு கேட்டேன். வேணாம்னுட்டான். உங்ககிட்டயும் சொல்லக் கூடாதுன்னான்."

"ஏன்?"

"நான் படுத்ததுலேர்ந்து அவ மனசுவிட்டுச் சிரிச்சது குழாயைத் திருப்பின அன்னைக்கு ஒருநாள்தான்டா, அதைக் கெடுத்துடாதேன்னான்."

அவள் கொழுந்தனை ஒன்றும் சொல்லவில்லை. காலியான கட்டிலைப் பார்த்துத்தான் கத்தினாள். "படுபாவி! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் சிரிக்கலைன்னு யாருடா அழுதா?"

தொண்டை கட்டும்வரை அவனைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.