வெள்ளிக்கிழமை வலையை மிதித்தவர்கள்

காலையில் எதிர்வீட்டில் யாரோ பச்சைப்பிள்ளைக்கு ஜாதிக்காய் இழைத்தார்கள். கல்லில் நாலு சுற்றுதான். தெருவே கப்பலாகிவிட்டது. எனக்கு மூக்கில்தான் ஞாபகம் இருக்கிறது. தலையில் இருப்பதெல்லாம் மற்றவர்கள் சொல்லி வைத்தது.

பழவேற்காட்டில் ஒலாந்தாக்காரர்கள், அதுதான் டச்சுக்காரர்கள், கிடங்கு வைத்திருந்த நாட்களில் நான் சலங்கில் சுக்கான் பிடித்தேன். சலங்கு என்றால் அடி தட்டையான சரக்குப் படகு. கப்பல் கரைக்கு வராது. வெளிக்கடலில் மாப்பிள்ளை வீட்டார் போல முறுக்கிக்கொண்டு நிற்கும். நாங்கள்தான் இங்கிருந்து சாயத்துணிக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கிருந்து ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கி வருவோம். யாரோ தீவுக்காரி நம்மூர்ச் சிவப்பை உடுத்திக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தால் அந்த வயதில் துடுப்புச் சத்தம்கூடச் சலங்கைச் சத்தமாகக் கேட்கும். சரி, அது வேறு கதை. எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த வருஷக் கடைசிக் கப்பல். காற்று திரும்புவதற்குள், சனிக்கிழமை விடிந்ததும் பாய் விரித்துவிடுவேன், ஏறாத கட்டு ஏறாததுதான் என்று கப்பல் தலைவன் சொல்லி அனுப்பிவிட்டான். கிடங்கில் மூன்று பெரிய மனிதர்கள் கூடி நேரம் குறித்தார்கள். பாதித் துணி செட்டியாருடையது: ராகு காலத்துக்கு முன்னால் ஏற்ற வேண்டும். மீதி மரைக்காயருடையது: வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குள் அவர் கரையில் இருக்க வேண்டும். கிடங்குக் கணக்கர் ஒலாந்தாக்காரர்: ஞாயிற்றுக்கிழமை விரலைக்கூட அசைக்க மாட்டார், அதனால் மற்ற ஆறு நாளும் அவசரம். மூன்று சாமிகளுக்கும் ஒத்துவந்தது ஒரே பொழுது, வெள்ளிக்கிழமைக் காலை, ஏரித்தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம்.

அந்த நேரத்தில் முகத்துவாரத்தில் வலை இருக்குமே என்றேன்.

“தூக்கச் சொல்” என்றார் கணக்கர்.

அன்று வலை முறை வேறொருவருக்கு. யார் மாமனார் வலையோ, அவர் மருமகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இங்கே பாடு பற்றிச் சொல்லியாக வேண்டும். வேதம் ஓதியவர்களும், குரான் கொண்டுவந்தவர்களும், சிலுவை நட்டவர்களும் இந்தக் கரையில் கால் வைப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே, ஏரி மீனவர்கள் தண்ணீரைப் பங்குபோட்டுக்கொண்டுவிட்டார்கள். இன்று நீ, நாளை நான். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். மனிதர்கள் கூடி வாழக் கற்றுக்கொண்ட முதல் நாள் வேறு எதைப் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் முறை நாளில் ஒருவன் வலையைத் தண்ணீரைவிட்டுத் தூக்கிவிட்டால் அவன் முறை முடிந்தது. ஊரெல்லாம் சுற்றி மறுபடி வரும்வரை வாயைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு உரியவர் வீட்டில் முந்தின இரவு சாவு. பாடு அடுத்தவருக்கு நகர்ந்துவிட்டது. கட்டுகளோடு மூன்று பெரிய மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு நான் முகத்துவாரம் சேர்ந்தபோது, கோல் நட்டு, வலை கட்டி, அடுத்தவர் நின்றுகொண்டிருந்தார். என் மாமனார். மணல்திட்டில் இறால் கூடையோடு என் மனைவி.

“மாமா, கொஞ்சம் வலையத் தூக்கேன்” என்றேன், குரலை எவ்வளவு குழைக்க முடியுமோ அவ்வளவு குழைத்து.

“இன்னா மாப்ள, தூக்கணுமா? எறா இப்பதான் எறங்குது. சீனாக்காரன் வந்தான், நின்னான். அரபுக்காரன் வந்தான், நின்னான். பறங்கி வந்தான், அவனும் நின்னான். ஒலாந்தாக்காரன் இன்னா, வானத்துலேர்ந்து குதிச்சானா?”

கணக்கர் எழுந்தார். அறுத்துக்கொண்டு போ, இல்லையென்றால் நாளையிலிருந்து உனக்குச் சுக்கான் இல்லை என்றார்.

திட்டிலிருந்து என் மனைவி சத்தம் போட்டாள். “யோவ்! எங்க நைனா வலையில சுக்கான் பட்டுச்சு, வூட்டுப் பக்கம் வந்துடாத!”

முன்னால் வேலை, பக்கத்தில் வீடு. நான் வானத்தைப் பார்த்தேன். அங்கே மூன்று சாமிகளும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். செட்டியார் சூரியனை அண்ணாந்து பார்த்துப் பார்த்து ராகு காலத்தை அளந்தார்.

அவள்தான் கேட்டாள். “நைனா, தூக்கினாத்தானே பாடு போவும்? மிதிச்சா?”

மாமனார் தாடையைச் சொறிந்தார். பாட்டன் காலத்திலிருந்து யாரும் கேட்காத கேள்வி. “மிதிச்சா… போவாது.”

நடுவில் இரண்டு கோலைப் பிடுங்கி, அந்த இடத்தில் வலையை அடிமணலோடு மிதித்துப் பிடித்தால் சலங்கு மேலே போய்விடும். ஆனால் மிதிக்க ஆள்? துடுப்புக்காரர்கள் கையை எடுத்தால் நீரோட்டம் படகைத் திருப்பிவிடும். சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் மூன்றே பேர்.

“எறங்குங்க சாமி” என்றாள் அவள். “தொரையும்தான். பூட்ஸக் கழட்டிட்டு எறங்கச் சொல்லு, வலை கிழியும்.”

இறங்கினார்கள். வேறு வழியில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் பட்டுக்கரை, சரிகைத்தொப்பி, வெள்ளைக் காலுறை. மூன்று பேரும் விழாமலிருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

“கால்ல என்னமோ ஏறுது!” என்று செட்டியார் அலறினார்.

“எறாதான். நீங்க சைவம்னு அதுக்கு இன்னா தெரியும்?” என்றாள் என் மனைவி.

“சிவ சிவா!”

“அசையாதீங்க செட்டியாரே, என் கட்டும் போயிரும், யா அல்லாஹ்!” என்றார் மரைக்காயர். கணக்கர் தம் பாஷையில் எதையோ கூப்பிட்டார். சாமியா கெட்ட வார்த்தையா என்று இன்றுவரை தெரியாது. அவர்களை உரசாமல், மிதித்த வலைக்கு மேலே நான் சலங்கை ஓட்டிப்போனேன். வலை நனைந்தபடியே இருந்தது.

கட்டுகளை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மூன்று பேரும் திட்டில் ஒரே வரிசையில் காய்ந்துகொண்டிருந்தார்கள். மரைக்காயர் தாவி ஏறி, “சீக்கிரம் தம்பி, பாங்கு சொல்லிருவாங்க” என்றார். கணக்கர் கையில் சுட்ட எறா. செட்டியார் மட்டும் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். ஆனால் ராகு காலத்துக்கு முன்னாலேயே கட்டு போன சந்தோஷம் முகத்தில் ஒளிந்திருந்தது.

அதற்குப்பின் சில வருஷங்களில் கப்பல்கள் குறைந்து, நின்று, ஒலாந்தாக்காரர் கோட்டையும் இடிந்தது. மாமனார் மட்டும் தம் முறை நாளில் நடுக்கோல் இரண்டையும் தளர்வாகவே நடுவார். “நைனா, அந்த எடத்துல எறா போயிடுது, கெட்டியா நடேன்” என்று மகள் கத்துவாள். “வுடும்மா, எவனாச்சும் வருவான்” என்பார், கடலைப் பார்த்து.

ஒருவனும் வரவில்லை. அவர் போனபிறகு அந்தப் பாடு என் மைத்துனனுக்கு வந்தது. அவன் எல்லாக் கோலையும் ஒரே இறுக்கமாக நடுகிறான்.