உள்ளங்கைப் புண்

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் இருபத்தாறு வருடம் நின்ற ஆசீர்வாதத்துக்குத் தீக்காயம் புதிதல்ல. ஆனால் இந்த முறை உள்ளங்கையில் பட்டதை, புனேயில் உடல் செல்களை ஆராயும் மகள் சோனியா சும்மா விடவில்லை. தினமும் காலையில் படம் அனுப்பச் சொன்னாள், பார்த்ததும் கூப்பிட்டாள். அதற்கு முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை பேசினாலே அதிசயம்.

“தோல் செல்லுக்குள்ள ஆக்டின்னு இழைங்க இருக்கு நைனா. அது நீண்டு செல்லை முன்னாடி தள்ளும். மயோசின்னு ஒரு மோட்டாரு அந்த இழையைப் புடிச்சி பின்பக்கத்தை இழுத்துக்கினு வரும். ரெண்டு ஓரத்துலேந்தும் அப்படியே நடந்து வந்து, ஒண்ணையொண்ணு தொட்டாதான் நிக்கும்.”

கண்ணுக்கே தெரியாத செல்லுக்கு நடந்து வரத் தெரிகிறது, இவளுக்கு மட்டும் ஒரு வருடமாக ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லையாம்! என்று அவருக்குக் கோபம் வந்தது.

பதினெட்டாம் நாள் புண் முழுக்க மூடிக்கொண்டது. ஆசீர்வாதம் வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போன வாரத்துப் படம் ஒன்றைத் தேடி அனுப்பினார்.

உடனே போன் அடித்தது. “இன்னா நைனா, இது பழைய படமாச்சே. இன்னிக்கி எடுத்தது எங்க?”

“இன்னிக்கி காட்டறதுக்குப் புண்ணு இல்லம்மா” என்றார்.