ஐயா பூசிய ஸ்னோ

எண்ணெய் வடியும் பேத்தியின் முகத்துக்கு, இரவில் பூச மெல்லிய கிரீம் ஒன்று கேட்டேன். மருந்துக்கடைப் பெண் என் புறங்கையில் கொஞ்சம் தடவினாள். ரோசாப்பூ வாசம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மலாயாவிலிருந்து மாமா அனுப்பிய ஸ்னோ என்ற முகக் கிரீமிலும் இதே வாசம்தான். அடுத்த கிழமை அக்காவைக் கோயிலில் வைத்துப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். ஆனால் எதைப் பூசினாலும் அவள் முகம் சிவந்து பருக்கள் கிளம்பிவிடும். அதனால் புகையிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஐயா, முதலில் தன் கன்னத்தில் பூசிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் செய்யேல்லை. பிள்ளை பூசட்டும்."

"உங்கடை தோலுக்கு நெருப்பு வைச்சாலும் தெரியாது" என்றாள் அம்மா.

ஐயா யோசித்தார். வெயில் தடிப்பாக்காத இடம் அவர் உடம்பில் எங்கே இருக்கிறது? படுக்கும்போது ஒரு கண்ணிமையில் பூசிக்கொண்டார்.

விடிய அந்தக் கண் திறக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் குளவி கொட்டியது என்றார். அக்கா ஈரத்துணியால் அவர் இமையை ஒற்றிக்கொண்டேயிருந்தாள். கோயிலுக்கு வெறும் முகத்தோடுதான் போனாள்.

"கண்ணிலை மட்டும் படாமல் பாருங்கோ அம்மா" என்றாள் கடைப் பெண்.

"ஓம் பிள்ளை. அதை எங்கடை ஐயா எப்பவோ பூசிப் பாத்திட்டார்."