அய்யனாருக்குப் போடும் திரை

கீரமங்கலத்தில் பிரசங்கம் கேட்டு வந்ததிலிருந்து என் மனைவி கறி தொடுவதில்லை.

இன்று எங்கள் அய்யனார் கோயிலில் கிடா வெட்டு. பங்குக் கறியோடு வீட்டுக்கு வந்தேன்.

"கறி திங்கிறது பாவங்க. நம்ம அய்யனாரே சைவம்" என்றாள்.

"பக்கத்துல நிக்கிற கருப்பர் கிடா கேக்குறாரே. அவரும் சாமிதானே?"

கருப்பருக்கு வெட்டும்போது அய்யனார் பார்க்காதபடி திரை போடுவது வழக்கம். அவள் யோசித்தாள். யுத்தத்தால் துணி கிடைக்காத இந்த நேரத்தில், ஒரு சேலையை எடுத்து அடுப்படிக்குக் குறுக்கே கட்டினாள்.

"அங்கிட்டு நீங்களே ஆக்கித் தின்னுக்கங்க. நான் இங்கிட்டு இருக்கேன்."

ஆக்கினேன். குழம்பு கொதித்தது.

சேலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "உப்பு பத்தலைங்க. வாசத்துலயே தெரியுது."

கோயில் திரைக்குப் பின்னாலிருந்து அய்யனார் இதுவரை ஏதாவது சொல்லியிருக்கிறாரா? காதில் விழுந்தவர்கள் சொல்லுங்கள்.