இடம் மாறிய இரண்டு லீவர்கள்

என் தம்பியின் வலது கைக்குத் தவறான பழக்கத்தை ஊட்டியவள் நான். தெரியாமல் தொடங்கினேன், தெரிந்தே தொடர்ந்தேன். இன்று அவன் விமானம் ஓட்டுகிறான்... உங்களிடம்தான் சொல்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. வீடு ஜாதவ்பூரில். அப்போது நான் மின்னணுப் பொறியியல் கடைசி வருடம். தம்பி முரளிக்கு விமானி ஆவதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டை வைத்துக்கொண்டு கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான். கைவைத்துத் தள்ள உண்மையான லீவர் வேண்டும் என்று ஏங்கினான். நான் செய்து கொடுத்தேன்.

சாந்தினி சந்தையில் வாங்கிய இரண்டு வால்யூம் கண்ட்ரோல்கள், ஒரு பிளைவுட் பெட்டி, பழைய ஜாய்ஸ்டிக்கின் வயர். அவ்வளவுதான். கறுப்பு லீவர் த்ராட்டில். பின்னால் இழுத்தால் இன்ஜினின் வேகம் குறையும். சிவப்பு லீவர் எரிபொருளுக்கு. அதை முழுதாக இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும். இரண்டையும் கடைசிவரை தள்ளியும் இழுத்தும் திரையில் சரிபார்த்தேன். எல்லாம் துல்லியம்!

ஒன்றைத் தவிர. பலகையின் உட்புறத்தில் வரைபடத்தை ஒட்டித் துளையிட்டிருந்தேன். திருப்பிப் பொருத்தியபோது இடது வலதாயிற்று. நான் கவனிக்கவில்லை.

முரளிதான் கவனித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடி வீட்டு வங்காளி மாமா, மித்ரா காக்கு, பெட்டியைப் பார்க்க வந்திருந்தார். அப்பா என் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். முரளி ஒரு விமானப் புத்தகத்தை விரித்தான்.

"அக்கா, இந்தப் படத்துல கறுப்பு இடது பக்கம் இருக்கு. நம்மது வலது பக்கம் இருக்கே?"

"கீ ரே, என்னடா, பொண்ணு தப்பு பண்ணிட்டாளா?" என்று காக்கு சிரித்தார்.

பார்த்த கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் இரண்டு லீவர்களின் வேலையை மாற்றி, அவற்றின் கறுப்பு, சிவப்புக் குமிழ்களைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினால் தீர்ந்திருக்கும். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விமானத்துக்கு விமானம் மாறும்டா. இது வேற மாடல்."

"பாஹ்! மேயே தோ பாக்கா இன்ஜினியர்!" என்றார் காக்கு. பெண் பக்கா இன்ஜினியராம். அப்பாவின் முகம் மலர்ந்தது. முரளி புத்தகத்தை மூடிவைத்தான். அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு ஏது?

பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அன்று மாலை சொல்ல நினைத்தேன். மறுநாள் நினைத்தேன். அந்த வருடத் துர்கா பூஜை விடுமுறையிலிருந்து அடுத்த பூஜைவரை அவன் நாள் தவறாமல் அந்தப் பெட்டியில் பழகினான். வேகம் குறைக்க வேண்டுமா? அவன் கண் திரையைவிட்டு அகலாது. கை தானாக வலப்பக்கத்து லீவருக்குப் போகும். அந்த லாகவத்தைக் கதவோரம் நின்று பார்ப்பேன். பிறகு என் அறைக்குத் திரும்பிவிடுவேன்.

பயிற்சிப் பள்ளிக்குப் போன முதல் வாரம் போன் செய்தான். "இங்க மாத்தி இருக்குக்கா. நீ சொன்ன மாதிரி வேற மாடல் போல." என் பொய்யை அவனே கட்டிக் காத்துக்கொண்டிருந்தான்!

பின்னர் ஒரு நாள் மறுபடி போன் செய்தான்.

"அக்கா, இன்னிக்கு வானத்துல இன்ஜினை நானே நிறுத்திட்டேன்."

இறங்குவதற்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் பயிற்சியாளர். இவன் கை வலப்பக்கம் போயிருக்கிறது. அங்கே இருந்தது எரிபொருள் லீவர். அவர் இவன் கையைத் தட்டிவிட்டு லீவரை முன்னால் தள்ள, இன்ஜின் உயிர் பெற்றதாம்.

"சார் செம திட்டு. 'ஏம்பா, மேல போய் இன்ஜினை அணைக்கற'ன்னாரு. எல்லாப் பசங்களுக்கும் சரியா வருது. என் கைதான்க்கா சரியில்லை..."

உன் கையில் குறையில்லை, என் பெட்டியில்தான் குறை. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "பழகிடும்டா, பயப்படாதே" என்றேன். யார் யாருக்குத் தைரியம் சொல்வது!

இப்போது சொன்னால் அவன் மனம் கலங்கும், பறக்கும்போது கவனம் சிதறும் என்று எனக்கு நானே காரணம் கற்பித்துக்கொள்கிறேன். உண்மை அதுவல்ல. என்னை அவன் பார்க்கும் பார்வை மாறிவிடும். அதற்காக அவன் உயிரையா பணயம் வைப்பது? ஆம்... வைத்திருக்கிறேன்.

போன வாரம் முதல்முறையாகத் தனியாகப் பறந்து இறங்கினான். அம்மா மாடிவரை சந்தேஷ் இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். போனில் அவன் கத்திய கத்தல் அறை முழுவதும் கேட்டது. கடைசியில் ரிசீவர் என் கைக்கு வந்தது.

"கை தப்பவே இல்லைக்கா! ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன்."

"என்ன வழி?"

"கையை நீட்டறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள 'இடது'ன்னு ஒரு தடவை சொல்லிக்கறேன். சொல்லிட்டுத்தான் தொடறேன். எப்படி?"

"நல்ல வழிடா" என்றேன்.

இனி தனியாகப் பறக்கும்போது அவன் பக்கத்து இருக்கையில் யாரும் இருக்கமாட்டார்கள். கையைத் தட்டிவிட ஆள் கிடையாது. அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொள்ள நேரமில்லாத ஒரு கணம் மேலே அவனுக்கு வந்தால்...?