நாலாம் நம்பர் மேசையின் சரிவு

முதுகுப் பிடிப்புக்கு ஒரு மாதம் வீட்டிலேயே இருக்கச் சொல்லி வைத்தியர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து, என் கணவருக்கு ஃபோனில் பின்போல் என்றொரு ஆட்டம் விளையாடும் பைத்தியம் பிடித்திருக்கிறது. சாய்ந்த ஒரு மேசை, மேலிருந்து உருண்டு வரும் இரும்புப் பந்து, அது கீழே குழியில் விழாமல் தட்டிவிட இரண்டு துடுப்புகள். அவ்வளவுதான் விளையாட்டு. அதற்காகத் தேநீர் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் ஒரு மனிதர் இருக்கிறார் என்றால் நம்புவீர்களா?

நேற்று அசர் தொழுதுவிட்டு வந்தவர், "இஞ்ச, இதக் கொஞ்சம் லேசாக்கித் தாவன், பந்து நிக்குதில்ல" என்று ஃபோனை நீட்டினார். செட்டிங்ஸைத் திறந்தேன். எத்தனை பந்து வேண்டும், மேசை எவ்வளவு சரிய வேண்டும், எத்தனை தரம் உலுக்கினால் ஆட்டம் நிற்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கோடு இருந்தது. விரலால் இழுத்தால் போதும். மூன்று பந்தை ஐந்தாக்கி, சரிவையும் குறைத்துக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் ஒரு கூச்சல். மனிதர் வாழ்நாளில் காணாத புள்ளி! ஆனால் அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம், அமைப்பை மாற்றி எடுத்த புள்ளி என்று ஒரு குறிப்பு.

"பாத்தியா, ஊருக்கே காட்டிக் குடுக்குது இது" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து குசினிக்குப் போய், கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.

புதுச் சாரனின் கஞ்சி மணம் உங்களுக்குத் தெரியும்தானே? பெருநாளுக்கு உடுக்க வாங்கிய மருதமுனைக் கைத்தறிச் சாரனை விரித்தால் எழும்புமே, அந்த மணம். அந்த நாளில் எங்கள் கொம்பியூட்டர் கிளாசுக்கு ஏறும் படி முழுக்க அதுதான். கல்முனை மெயின் வீதியில் கீழே புடவைக்கடை, மேலே ஆறு கொம்பியூட்டர். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட வேண்டும், தூசு ஆகாதாம். பள்ளிவாசலுக்குக் கொடுக்கும் மரியாதையை அந்த ஆறு பெட்டிகளுக்கும் கொடுத்தோம். பின்னேர வகுப்பு பெண் பிள்ளைகளுக்கு. படிப்பித்தது நான்தான். வயது இருபது, அறிவு மாணவிகளைவிட இரண்டு மாதம் கூட. ஆனாலும் பாஸ்வேர்ட் என்னிடம் இருந்தது, எல்லோரும் அக்கா முறை வைத்து என்னைக் "கொம்பியூட்டர் ராத்தா" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் நான் எவ்வளவு மயங்கிக் கிடந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பாடம் முடிந்து கடைசி அரை மணித்தியாலம் விளையாடலாம். யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த சீடியில் ஒரு பின்போல் இருந்தது. கரும்பலகையின் மூலையில் சோக்கட்டியால் பெயரும் புள்ளியும் எழுதுவோம். மேலே எப்போதும் என் பெயர். அதற்காகவே காலையில் வந்து தனியாகப் பழகினேன் என்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை.

அப்போதுதான் சம்மாந்துறையிலிருந்து பர்ஸானா வந்து சேர்ந்தாள். வாப்பாவுக்கு வயல். பஸ்ஸில் வந்து இறங்கும் மெலிந்த பிள்ளை, அதிகம் கதைக்க மாட்டாள். எப்போதும் நாலாம் நம்பர் கொம்பியூட்டரில்தான் இருப்பாள். வந்து ஒரு கிழமை ஆகவில்லை, கரும்பலகையில் என் பெயருக்கு மேலே அவள் பெயர். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நன்றாகவே நடித்திருப்பேன்.

மறுநாள் காலை நேரத்தோடு வந்து நாலாம் நம்பரைத் திறந்தேன். பந்தைக் குறைத்தால் எண்ணிப் பிடித்துவிடுவாள். ஆகவே அதைத் தொடவில்லை. சரிவை மட்டும் இரண்டு படி கூட்டிவிட்டு மூடினேன். பந்து கொஞ்சம் வேகமாக விழும், வேறொன்றும் தெரியாது. இவ்வளவு யோசனையைப் படிப்பில் போட்டிருந்தால் எங்கோ போயிருப்பேன்.

இரண்டு நாள் அவளுக்குப் பந்து நிற்கவேயில்லை. மூன்றாம் நாள் அவள் விளையாடவில்லை. பந்தை ஏவிவிட்டு, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, அது விழுவதைச் சும்மா பார்த்தாள். திரும்ப ஏவினாள், பார்த்தாள். மூன்று தரம். பிறகு திரும்பினாள்.

"ராத்தா, இந்த மேச போன கிழமையவிடச் சரிவு கூட."

"என்ன புள்ள கதைக்கிறாய்? மேச எப்பிடிச் சரியும்?"

"வயலுக்குத் தண்ணி கட்டக்குள்ள வாப்பாவோட நிண்டு பாத்திரிக்கன். எந்தப் பக்கம் பள்ளமெண்டு தண்ணி ஓடுற ஓட்டத்தில தெரியும். இந்தப் பந்தும் அப்பிடித்தான் ஓடுது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க ஏதும் மாத்தினீங்களா?" என்று கேட்டாள்.

வகுப்பே என்னைப் பார்த்தது. ஓம் என்று சொல்லியிருக்கலாம். பகிடிக்குச் செய்தேன் என்று சொல்லிச் சிரித்திருந்தாலும் அத்தோடு போயிருக்கும். என் வாயில் வந்தது வேறு.

"வல்லாஹி, நான் தொடவேயில்ல. உன்ட கண்ணிலதான் பிழ."

அல்லாஹ்வின் மேல் சத்தியம். ஒரு இரும்புப் பந்துக்காக, அதுவும் உண்மையில் இல்லாத ஒரு பந்துக்காக.

அவள் முகம் அப்படியே வாடிப்போனது. என்னில் கோபப்பட்டு அல்ல, தன்னை நினைத்து. "அஸ்தஃபிருல்லாஹ், நான் என்ன கத கதைச்சிட்டன். மாப்புத் தாங்க ராத்தா" என்று என் கையைப் பிடித்தாள். நான் பெருந்தன்மையாக, "சரி சரி, பரவாயில்ல" என்றேன்.

மறுநாள் ஒரு முட்டி எருமைத் தயிர் கொண்டுவந்து தந்தாள். அவளுடைய உம்மா கொடுத்துவிட்டாராம், ராத்தாவின் மனசு நொந்திருக்கும் என்று. சீனி போட்டு மூன்று நாள் சாப்பிட்டேன். நல்ல தயிர். தொண்டையில் சிக்கியது என்று எழுதினால் இன்னொரு பொய்யாகிவிடும்.

தயிர் வந்த அன்றே சரிவைப் பழையபடி ஆக்கிவிட்டேன். ஆனால் பர்ஸானா அதற்குப் பிறகு பின்போலைத் தொடவில்லை. பாடத்திலும் ஏதாவது பிழை கண்டால் உடனே சொல்ல மாட்டாள். "எனக்குத்தான் பிழையாத் தெரியுதோ தெரியா" என்று பக்கத்துப் பிள்ளையிடம் முதலில் கேட்பாள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் மதரசாவில் மார்க்கம் படிப்பிக்கும் ஆலிமாவிடம் போய், "என்ட கூட்டாளி ஒருத்தி பொய்ச் சத்தியம் பண்ணிட்டா" என்று விசாரித்தேன். கூட்டாளி! ஆலிமா சிரிக்காமல் பதில் சொன்னார்: பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு, அதற்கு வழியில்லாவிட்டால் மூன்று நோன்பு. "ஆனா அநியாயம் செஞ்ச ஆளிட்டப் போய் மாப்புக் கேக்கோணும். அத நோன்பு தீர்க்காது எண்டு உங்கட கூட்டாளிக்குச் செல்லுங்க." மூன்று நோன்பையும் பிடித்தேன். விரும்பிப் பிடிக்கும் சுன்னத்து நோன்பு என்று நினைத்த உம்மா, பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லித் திரிந்தார். மற்றதைச் செய்யவில்லை.

போன வருடம் பர்ஸானா என் வீட்டுக்கு வந்தாள். மக்காவுக்கு உம்ரா போகிறாளாம். போகுமுன் தெரிந்தவர்களிடமெல்லாம் மாப்புக் கேட்பது நம் வழக்கம்தானே. தேநீர் குடித்தாள், பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தாள். எழும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ராத்தா, அந்தக் கொம்பியூட்டர் கிளாசில உங்களச் சந்தேகப்பட்டு ஒரு கத கேட்டன். நீங்க மறந்திருப்பீங்க. எனக்கு அது இன்னும் நெஞ்சுக்க கிடக்கு. அதையும் சேத்து மாப்புத் தாங்க."

என் வாயருகில் வந்து நின்றதை நான் விழுங்கினேன். "மாப்பு, புள்ள. அல்லாஹ்வுக்காக மாப்பு" என்றேன். நான் அவளை மன்னித்தேன். கேட்டுக்கொண்டீர்களா? நான், அவளை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனம் லேசாகிப் படியிறங்கிப் போனாள்.

அந்த மாடியில் இப்போது ஃபோன் உறை விற்கிறார்கள். படியில் கஞ்சி மணம் இல்லை, பிளாஸ்டிக் மணம்தான். ஆறு கொம்பியூட்டரும் பழைய இரும்புக்காரனோடு போயிருக்கும், சீடி எங்கே போனதென்று தெரியாது. நாலாம் நம்பர் மேசை சரிந்திருந்ததற்கு என்னைத் தவிர உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. அதைச் சரியாகக் கண்டுபிடித்த கண்கள் சம்மாந்துறையில் இருக்கின்றன. தன் கண்ணில்தான் பிழை என்று, அவள் இன்னமும் என் சத்தியத்தை நம்பிக்கொண்டிருக்கிறாள்.