அம்மாவின் வேண்டுதலும் என் தலையும்

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, திருத்தணியில் எங்கள் நைனாவுக்கு வாழ்க்கைப்பட்டு, எங்களை ஆளாக்கி, போன மாசியில் கண்மூடிய அம்மாவைப் பற்றி மூத்த மகன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். தம்பி என்னைவிட நன்றாக எழுதுவான். ஆனால் கோபம் எனக்குத்தான் அதிகம்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அம்மா நிறைவாக வாழ்ந்தவர் என்றார்கள். உண்மை. நைனா கடைத்தெருவிலிருந்து பூ இல்லாமல் வந்ததில்லை. நூல் கிடைக்காமல் தறி நின்று, கஞ்சி குடித்த நாட்களிலும் எங்கள் வீட்டில் சிரிப்பு நின்றதில்லை. ஆனால் 'ஒரு குறையும் இல்லை' என்று சேர்த்துச் சொன்னார்களே, அது பொய். அம்மாவுக்கு நகரி சின்னம்மா இல்லாத குறை இருந்தது.

சின்னம்மா எங்களுக்கு உறவில்லை. அம்மாவுக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்து, ஆந்திராவில் நகரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன தோழி. பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான். ஆனால் அறுபதுகளில் ஒரு மருமகள் சாவுக்குப் போகலாம், சீமந்தத்துக்குப் போகலாம், சிநேகிதியைப் பார்க்கப் போகக் கூடாது. நைனாவின் நண்பர்கள் நினைத்தபோது வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் என்ன முறை என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே தோழிகள் இருவரும் முருகனைத் துணைக்கு அழைத்தார்கள். பிள்ளைக்கு மொட்டை என்றால் எந்த வீடும் தடுக்காது. எனக்கு இருமல் வந்தால் மலையில் மொட்டை; இருமல் போனாலும் மொட்டை. கணக்கில் தேறினாலும் மொட்டைதான், அந்த ஆபத்து மட்டும் அதிகம் வரவில்லை. அதே நாளில் சின்னம்மாவும் தன் மகனோடு வந்துவிடுவார். தலையில் சந்தனத்தோடு நாங்கள் குரங்குகளுக்குப் பயந்துகொண்டிருக்க, அவர்கள் புளிச்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசித் தீர்ப்பார்கள்.

ஆர்.கே.பேட்டை அத்தை, நைனாவின் அக்கா, ஒருமுறை பின்னாலேயே மலையேறி வந்து பார்த்துவிட்டார். சிநேகிதியைப் பார்க்கச் சாமி பேரைச் சொல்வதா என்று இரண்டு வீட்டிலும் ரகளை. அதோடு நின்றது. என் முடி வளர்ந்தது. அம்மா எப்போதும்போலச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஆடிக் கிருத்திகைதோறும் நகரிப் பக்கமிருந்து வரும் கூட்டத்தைப் பார்த்தபடி தெருமுனையில் நின்றார்.

அம்மா இறந்த அன்று சின்னம்மா வந்திருக்கிறார். "நீ இன்னா மொற?" என்று அத்தை வாசலிலேயே கேட்க, திரும்பிப் போய்த் தெருக்குழாய் அருகே நின்றிருக்கிறார். வாய்க்கரிசிக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் என்னைத் தெரியவில்லை.

கருமாதியன்று குளக்கரையில் எனக்கு மொட்டை அடித்தார்கள். படியில் ஒதுங்கி நின்ற ஓர் அம்மாள் கிட்டே வந்து என் தலையைத் தடவினார்.

"இப்பதான்டா நீ யாருன்னு தெரியுது. அன்னிக்கு முடியோட பாத்து எவனோன்னு நெனச்சிகினு போய்ட்டேன்."

அடுத்து, அம்மாவின் பிறந்த வீட்டார் என் தலையில் துண்டு கட்ட வேண்டும். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் இல்லை. அத்தை யாரோ தூரத்து மாமனைத் தேடிக்கொண்டிருந்தார். நான் துண்டைச் சின்னம்மாவிடம் கொடுத்துக் குனிந்தேன்.

"பொம்பள கட்றதா? அதுவும் ஒறவில்லாதவ?"

"அத்தே, இந்தத் தலைய அத்தினி வாட்டி மழிச்சதே இவங்களுக்காகத்தான். இதுமேல இவங்களுக்கு இல்லாத பாத்தியத வேற யாருக்கு கீது?"

அக்காவை எதிர்த்து வாய் திறந்தே அறியாத நைனா, "கட்டட்டும்" என்றார்.

அம்மாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், நைனாவைத் தனியே விடாமல் உடனிருந்தவர்களுக்கும் நன்றி. காரியம் முடியும்வரை அடுப்படியைத் தாங்கிய அத்தைக்கும் நன்றி. அதனால் என் கோபம் குறைந்துவிடவில்லை. இன்று வருஷத் திதிப் பந்தியில் முதல் இலை சின்னம்மாவுக்கு. அவர் என்ன முறை என்று யாராவது கேட்டால், அம்மாவுக்குத் தோழி முறை என்று சொல்லுங்கள்.